பகுதி நான்கில் ஒதுக்கப்பட்ட பொதுக் கல்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிப் பாடத்திட்டங்களைத் திருத்துவது குறித்துத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகளும் கட்டுரைகளும் வெளிவருகின்றன. முதன்மைப் பாடங்களை எப்படிப் புதுப்பிப்பது, வேலைவாய்ப்புக்கு வேண்டிய திறன்களை எங்கே சேர்ப்பது என்பவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்களைப் பற்றி மட்டும் ஏறக்குறைய யாரும் எழுதுவதில்லை. பாலாற்றங்கரையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நீண்ட காலம் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தப் பாடங்களின் இன்றைய நிலையையும் அவற்றை எப்படி மாற்றலாம் என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்திருப்பதைப் பெற்றோர் பலர் அறிய மாட்டார்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அதைச் சார்ந்த துணைப் பாடங்களும் வருகின்றன. பகுதி ஐந்து நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்ற விரிவாக்கப் பணிகளுக்கு உரியது. இவற்றுக்கு நடுவே உள்ள பகுதி நான்கில்தான், மாணவர்கள் 'என்.எம்.இ. பேப்பர்' என்று சொல்லும் பிற துறைப் பாடமும், திறன் சார்ந்த பாடங்களும், சுற்றுச்சூழல் கல்வியும், விழுமியக் கல்வியும், பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கான அடிப்படைத் தமிழும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மூன்றாண்டுப் படிப்பின் ஏறத்தாழ 140 கிரெடிட்டில் (கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்குத் தரப்படும் எடையின் அலகு), பிற துறைப் பாடங்கள் இரண்டுக்கும் சேர்த்து நான்கு, சுற்றுச்சூழல் கல்விக்கு இரண்டு, விழுமியக் கல்விக்கு இரண்டு என்பது பரவலாக உள்ள கணக்கு. இயற்பியல் மாணவர் பொருளாதாரத்தையோ, வணிகவியல் மாணவர் உயிரியலையோ கல்லூரியில் சந்திக்கக்கூடிய இடம் இந்த எட்டு கிரெடிட்தான்.

இந்த எட்டு கிரெடிட்டின் முக்கியத்துவத்தை உணர, நம் பள்ளி அமைப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 1978-இல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கியது முதல், நம் பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதில் ஒரு 'குரூப்'பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பல நேரங்களில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. கணக்கும் உயிரியலும் எடுத்தவர் அத்தோடு வரலாற்றையும் குடிமையியலையும் விட்டுவிடுகிறார். வணிகவியல் எடுத்தவர் அறிவியலைப் பத்தாம் வகுப்போடு முடித்துக்கொள்கிறார். பிறகு கல்லூரியிலும் அதே வழியில்தான் செல்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒருமுறையேனும் எடுத்துப் பார்க்காமல் ஒருவர் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெறலாம். ஒரு தொற்று நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் பதினைந்து வயதில் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு வேறொருவர் கூட்டுறவு வங்கி மேலாளராகலாம். 1948-49-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், இவ்வாறு இளம் வயதிலேயே ஒரே துறைக்குள் ஒடுங்கிவிடுவதைக் கவலையோடு குறிப்பிட்டு, பட்டப் படிப்பில் எல்லோருக்கும் பொதுக் கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நம்மிடம் பெயரளவில் வந்து சேர்ந்திருக்கிறது.

பெயரளவில் என்று நான் சொல்வதற்குக் காரணம், பிற துறைப் பாடம் வகுப்பறையில் நடைபெறும் விதம். அரசாணைப்படியும் பல்கலைக்கழக ஒழுங்குமுறைப்படியும் மாணவர் தமக்கு விருப்பமான வேறு துறைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கால அட்டவணை இடம் தராது, அறை போதாது என்பதால், இரண்டு துறைகள் தமக்குள் பேசி மாணவர்களை மொத்தமாக மாற்றிக்கொள்வது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஆண்டு வணிகவியல் வகுப்பு முழுவதும் வரலாற்றுத் துறைக்குப் போகும். வரலாற்று வகுப்பு முழுவதும் வணிகவியல் துறைக்கு வரும். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது, அந்தத் துறையின் முதலாண்டுப் பாடத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு சுருக்கம். வேதியியல் துறை சார்பில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' என்ற தலைப்பில் நாங்கள் நடத்திய பாடத்தில் சோப்பு, சிமெண்ட், உரம், மருந்து, சாயம் என்று ஐந்து அலகுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தயாரிக்கும் முறையும் பயன்களும் இருந்தன. தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவிக்கு இவற்றை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விடை எந்த அலகிலும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதிலும் பெரும்பாலும் கடைசிப் பாடவேளை. தேர்வுக்கு முந்தைய வாரம் வினா வங்கியின் நகல் கைமாறும். அத்தோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். மாணவர்கள் மீது இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல பல்கலைக்கழகங்களில் பகுதி நான்கின் மதிப்பெண் முதல் வகுப்புக்கோ தரவரிசைக்கோ கணக்கில் வருவதில்லை. தேர்ச்சி பெற்றால் போதும் என்று நாமே எழுதி வைத்துவிட்டு, அதை அவர்கள் ஊன்றிப் படிக்கவில்லை என்று வருந்துவது முறையாகாது.

இந்த நிலைக்கு வேர் எங்கே என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள், வெளியில் அதிகம் பேசுவதில்லை. ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பது அத்துறையின் வாராந்திரப் பாடவேளைகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் அளவுகோல். ஆதலால் ஒவ்வொரு பாடவேளையும் ஒரு துறையின் சொத்தாகிவிடுகிறது. பாடத்திட்டக் குழுவில் ஒரு பொதுப் பாடத்தைப் பற்றிப் பேசும்போது, அது மாணவருக்கு என்ன தரும் என்ற கேள்விக்கு முன்பாக, அதை எந்தத் துறை எடுப்பது, யாருக்கு எத்தனை மணி நேரம் குறையும் என்ற கேள்வி வந்து நிற்கிறது. இதை ஆசிரியர்களின் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பணியிடம் நிரப்பப்படாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கல்லூரிகளில், தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் வாழ்க்கையே அந்த நான்கு பாடவேளைகளில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே, பொதுப் பாடங்களைத் திருத்த வேண்டுமானால் புதிய தலைப்புகளைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதே என் வாதத்தின் அடிப்படை. பகுதி நான்கின் பாடவேளைகள் எந்தத் துறைக்கும் சேராமல், கல்லூரியின் பொதுக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்குக்கென்றே பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பும் 2003-இல் அளித்த ஆணையும் இல்லையென்றால் இந்தப் பாடம் கல்லூரிக்குள் வந்திருக்காது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய பாடத்திட்டம் எட்டு அலகுகளும் 50 பாடவேளைகளும் கொண்டது. அதன் எட்டாவது அலகு முழுவதும் களப்பணி. அருகிலுள்ள ஆறு, குன்று, காடு ஆகியவற்றில் ஒன்றை நேரில் பார்த்துப் பதிவு செய்வது, மாசடைந்த ஓர் இடத்துக்குச் செல்வது, அவ்வட்டாரத்துச் செடிகள், பூச்சிகள், பறவைகளை அடையாளம் காண்பது என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண் அந்தக் களப்பணிக்கு உரியது. படித்துப் பார்த்தால் இன்றும் மகிழ்ச்சி தரும் பாடத்திட்டம் அது. நம் கல்லூரிகளில் அது என்ன ஆனது? களப்பணி வீட்டு ஒப்படைப்பாகச் சுருங்கியது. ஒப்படைப்பு இணையத்திலிருந்து எடுத்த பத்துப் பக்கங்களாக ஆனது. சில இடங்களில் தேர்வே சரியான விடையைக் குறியிடும் தாளாக மாறியது. பேருந்துக்குப் பணம் இல்லை, அழைத்துச் செல்ல ஆள் இல்லை, அந்தப் பாடத்துக்கென்று ஓர் ஆசிரியரே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் ஆணை பெற்ற பாடத்துக்கே இந்தக் கதி என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒரு பொதுப் பாடம் எப்படி இருக்கலாம் என்பதை எங்கள் வட்டாரத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள கல்லூரிகளுக்குப் 'பாலாறு' என்ற பெயரிலேயே ஒரு பாடம் வைக்கலாம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் வழியாக வந்து, கல்பாக்கத்துக்கு அருகே கடலில் சேரும் இந்த ஆற்றை எங்கள் மாணவர்கள் நாள்தோறும் பாலத்தின் மீது கடக்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலையும் முட்புதரையும்தான் பார்க்கிறார்கள். ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கேட்டால், சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892-இல் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அந்த உடன்பாட்டின் அட்டவணையில் பாலாறும் உண்டு. ஆந்திர எல்லையில் புல்லூரில் தடுப்பணை உயர்த்தப்பட்ட செய்தி வரை அந்த விளக்கம் நீளும். அது வரலாறும் அரசியலும் சார்ந்த பகுதி.

அடுத்தது தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். என் மாணவர்கள் பலர் அந்த ஊதியத்தில் கட்டணம் கட்டியவர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். அந்த உப்பைக் கழுவும் நீர்தான் கழிவின் கரைந்த திடப்பொருள் அளவைப் பெரிதும் உயர்த்துகிறது. பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் உள்ளது மூவிணைதிறக் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் கழிவில் உள்ளதோ அதனினும் நச்சு மிகுந்த அறுவிணைதிறக் குரோமியம். ஒரே தனிமத்தின் இரு நிலைகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டை அறிய முதலாண்டு வேதியியல் போதும். பொருளாதாரம் படிக்கும் மாணவருக்கு அதை ஒரு மணி நேரத்தில் விளக்க முடியும் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். ஏனென்றால் அவர் குடிக்கும் கிணற்று நீர் பற்றிய பேச்சு அது.

பிறகு சட்டம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிருப்பதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய முதற்கட்ட ஆய்வை அத்தீர்ப்பு மேற்கோள் காட்டுகிறது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் அந்தத் தீர்ப்பை, அது யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகிறதோ அந்த விவசாயிகளின் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் நாம் சொல்லித் தருவதில்லை. இழப்பீடும் கண்காணிப்பும் இன்னும் முழுமையடையவில்லை என்பதால், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாறு தொடர்பாக மீண்டும் விரிவான உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தின் செய்முறை மிக எளியது. மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வர வேண்டும். நீரில் கரைந்த திடப்பொருள் அளவைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை நீரில் அமிழ்த்தினால் ஒரு நிமிடத்தில் எண் தெரிந்துவிடும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது, வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. மாணவர்கள் கொண்டு வந்த எண்களை ஊர்ப் பெயரோடு ஒரு வரைபடத்தில் குறித்துவிட்டால், ஆற்றுக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள தொலைவு அந்த எண்களில் தெரிகிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். அந்த வரைபடத்தின் முன் நின்று, மீட்டர் காட்டுவது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான், குரோமியத்தை அது காட்டாது என்று வேதியியல் ஆசிரியர் சொல்ல வேண்டும். இத்தனை கிணறுகளை வைத்து எவ்வளவு உறுதியாக முடிவு சொல்லலாம் என்று புள்ளியியல் ஆசிரியர் கேட்க வேண்டும். தொழிற்சாலையை மூடினால் யார் வேலை இழப்பார்கள் என்று பொருளியல் ஆசிரியர் கேட்க வேண்டும். சான்று எது, கருத்து எது, எந்தக் கேள்விக்கு எந்தத் துறையிடம் போக வேண்டும், ஒரு துறையின் விடை எங்கே போதாமல் நின்றுவிடுகிறது ஆகியவற்றை ஒரு பட்டதாரி அறிந்திருக்க வேண்டும் என்பதே பொதுக் கல்வியின் நோக்கம் என்றால், இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் உள்ள கல்லூரிக்கு நொய்யல் ஆறும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இருக்கின்றன. தஞ்சைப் பகுதிக்கு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதும், 2020-இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இருக்கின்றன. சிவகாசிக்குப் பட்டாசும் அதில் சேர்க்கப்படும் பேரிய வேதிப்பொருளும் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரமும் தனக்குரிய பாடத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம்.

பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நேரம் தரப்படாவிட்டால் பயனில்லை என்பதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுபவத்தைக் குறிப்பிட வேண்டும். 2022-23 முதல் பொறியியல் மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரு பாடங்களை அது கட்டாயமாக்கியது. வரவேற்கத்தக்க முடிவு, பொறியியல் படிப்பவர் தம் மண்ணின் கட்டடக்கலையையும் உலோகத் தொழிலையும் பாசன முறையையும் அறிவது இன்றியமையாதது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெடிட், 15 மணி நேரம்தான். 'தமிழர் மரபு' பாடத்தில் மட்டும் மொழியும் இலக்கியமும், பாறை ஓவியம் முதல் நவீன ஓவியம் வரை, நாட்டுப்புறக் கலைகளும் வீர விளையாட்டுகளும், திணைக் கோட்பாடு, இந்திய விடுதலைப் போராட்டத்துக்கும் பண்பாட்டுக்கும் தமிழரின் பங்களிப்பு என ஐந்து அலகுகள். அலகுக்கு மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்தில் திணைக் கோட்பாட்டைப் பெயர்ப் பட்டியலாக மட்டுமே தர முடியும். ஐந்து அலகுகளுக்குப் பதில் ஒன்றையே எடுத்து, கீழடியின் அகழாய்வுக் குழி ஒன்றிலிருந்து காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை 15 மணி நேரமும் விளக்கியிருந்தால், அந்த மாணவர்கள் மரபையும் அறிவியல் முறையையும் சேர்த்தே கற்றிருப்பார்கள்.

பொதுப் பாடங்களைக் கூட்டினால் போதும் என்ற எண்ணம் வெளியிலும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டுப் படிப்பைக் கொண்டுவந்து, பதினொரு அடித்தளப் பாடங்களை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அவை பள்ளித் தரத்தில் இருப்பதாக ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கட்டமைப்பிலும் பல்துறைப் பாடங்களுக்கு ஒன்பது கிரெடிட், மதிப்புக் கூட்டுப் பாடங்களுக்கு ஆறு முதல் எட்டு கிரெடிட் என்று எண்கள் உயர்ந்திருக்கின்றன. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்காததற்கான காரணங்கள் வேறு. அவற்றுள் பலவற்றோடு நான் உடன்படுகிறேன். நாம் நமக்கென்று ஒரு பாதையை வகுத்துக்கொள்கிறோம் என்றால், அந்தப் பாதையில் பொதுக் கல்வி அவர்களுடையதைவிடச் செறிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

செறிவான பொதுக் கல்விக்கு ஆசியாவிலேயே முன்மாதிரி உண்டு. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் 2012 முதல் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் இரண்டு பாடங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்று மானுடம் பற்றியது, மற்றொன்று இயற்கை பற்றியது. இரண்டிலும் மூல நூல்களின் பகுதிகளை மாணவர்களே படித்து வந்து சிறு குழுக்களில் விவாதிக்க வேண்டும். மருத்துவம் படிப்பவரும் வணிகம் படிப்பவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். நான் முன்பு சொன்ன பணியிடக் கணக்குக்கு அங்கே தீர்வு கண்டிருக்கிறார்கள்: பொதுக் கல்விக்கென்று தனி அலுவலகமும் அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆசிரியர்களும் அங்கு உண்டு. அவர்களிடமுள்ள நிதி நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம்மிடம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும் எட்டு கிரெடிட்டின் நேரமும் ஊதியமும் இருக்கின்றன.

ஆகவே, பாடங்களைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பிற துறைப் பாடங்கள் இரண்டையும் விழுமியக் கல்வியையும் சேர்த்தால் ஆறு கிரெடிட் வருகிறது. அதை மும்மூன்று கிரெடிட் கொண்ட இரண்டு பாடங்களாக்கலாம். ஒன்று மேலே விளக்கியதைப் போன்ற வட்டாரப் பாடம். மற்றொன்று அரசமைப்புச் சட்டத்தையும் பணத்தையும் உடல்நலத்தையும் பற்றிய பாடமாக இருக்கலாம். ஒரு குடிமகன் வங்கியிலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எதிர்கொள்ளும் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்வதிலிருந்து அது தொடங்கலாம். விழுமியக் கல்வியை இதில் கரைப்பதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். நேர்மை, கருணை என்று தலைப்பிட்டு வரையறை எழுதச் சொல்வதைவிட, 35,000 ஹெக்டேர் நிலத்தையும் காலணித் தொழிற்சாலைப் பெண்களின் ஊதியத்தையும் ஒருசேர நினைத்து ஒரு முடிவுக்கு வரச் சொல்வதில்தான் விழுமியக் கல்வி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சுற்றுச்சூழல் கல்வியின் இரண்டு கிரெடிட் நீதிமன்ற ஆணைப்படி அப்படியே நிற்கட்டும். அதன் களப்பணி மட்டும் வட்டாரப் பாடத்தின் களத்திலேயே, 25 மதிப்பெண்ணோடு, நேரில் நடக்கட்டும்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் வேலைவாய்ப்பு பற்றியதே வலுவானது. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் கல்லூரிகளில் நடக்கும் திறன் பயிற்சிகள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு உண்மையிலேயே துணை செய்கின்றன. அவற்றைக் குறைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். திறன் பயிற்சியும் பொதுக் கல்வியும் ஒரே பகுதிக்குள் அடைக்கப்பட்டு, நேரத்துக்காக ஒன்றோடொன்று போட்டியிடும் நிலைதான் தவறு. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தேசிய அளவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களால் அரசுப் பள்ளி மாணவர்கள் மேலும் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் செய்தித்தாளோ, வழக்கறிஞரோ, மருத்துவரோ பேச்சுக்குக் கிடைப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உணவு மேசையில் கேட்டே தெரிந்துகொள்ளும் செய்திகளை இவர்களுக்குத் தர வேண்டிய கடமை கல்லூரிக்குத்தான் இருக்கிறது. பொதுக் கல்வி வசதி படைத்தோருக்கான அலங்காரம் என்ற எண்ணத்தை நான் வன்மையாக மறுப்பது இதனால்தான்.

மொழி பற்றியும் ஒரு சொல். இந்தப் பாடங்கள் தமிழில் நடைபெற வேண்டும். தேர்வை விரும்பிய மொழியில் எழுதலாம். பகுதி ஒன்றின் தமிழ் வகுப்பில்தான் இன்று பல கல்லூரிகளில் வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே அறையில் கலந்து அமர்கிறார்கள். அந்த வகுப்பில் அவர்கள் பேசும் அளவுக்கு வேறெங்கும் பேசுவதில்லை என்பதை எந்தத் தமிழாசிரியரும் உறுதிப்படுத்துவார். பொதுப் பாட வகுப்புகளையும் அவ்வாறே துறைகளைக் கலந்து அமைக்க வேண்டும்; துறைக்குத் துறை மாணவர்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகங்கள் எழுத்து மூலம் தடை செய்ய வேண்டும்.

மதிப்பெண் இறுதி வகுப்புக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பதையும், அதற்கேற்ப வினாத்தாள் மாற வேண்டும் என்பதையும் விரிவாக விளக்கத் தேவையில்லை. இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்ற வழக்கமான அமைப்பில் வரையறைகளைக் கேட்கும் வரை நோட்ஸ் விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கும். ஒரு தீர்ப்பின் ஒரு பக்கத்தையோ, ஓர் ஊராட்சியின் வரவு செலவுத் தாளையோ கொடுத்து, அதிலிருந்து விடை எழுதச் சொன்னால் மனப்பாடத்துக்கு இடமிராது.

இவற்றைத் தொடங்க அரசின் பெரிய அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் தன்னாட்சிக் கல்லூரிகள் 1978-இல் முதன்முதலாகத் தோன்றியது தமிழ்நாட்டில்தான். பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. அவற்றின் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்திலேயே பகுதி நான்கை முதல் பொருளாக வைக்கலாம். இணைவு பெற்ற கல்லூரிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் பொதுப் பாடங்களுக்கெனத் தனிக் குழு ஒன்றை அமைத்து, அதில் எல்லாத் துறை ஆசிரியர்களோடு கௌரவ விரிவுரையாளர்களுக்கும் இடம் தர வேண்டும். பொதுக் கணக்கில் பணியிடம் ஒப்பளிக்கும் முடிவு மட்டும் உயர்கல்வித் துறையின் கையில் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழக எல்லைக்குள் ஐந்து கல்லூரிகளில், கல்லூரிக்கு இரண்டு பணியிடங்களோடு, வட்டாரப் பாடம் ஒன்றை இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்க்க அத்துறை முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பாலாற்றுப் பகுதியில் அது நடக்குமானால், அதற்கான பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரவும், ஆசிரியர்களோடு களத்துக்கு உடன் செல்லவும் என்னைப் போன்று ஓய்வுபெற்றவர்கள் ஊதியம் எதிர்பாராமல் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
ராணிப்பேட்டை மாவட்டம்